ஏழாவது கேள்விக்கு நான் எழுதிய விடை

மார்ச் 4, செவ்வாய்

குழாய்க்காரர் வந்து சமையலறைத் தொட்டியின் கசிவை அடைத்துவிட்டுப் போனார். தபாலில் தம்பிக்குக் கடிதம். ராணுவ மருத்துவக் குழுவின் முடிவு, இரண்டே வரி: "தலைவலி, பணியில் நேர்ந்த வெடிவிபத்தால் வந்தது என ஏற்கப்படுகிறது. இயலாமை அளவு: பூஜ்யம் சதவீதம்."

தம்பி படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "அங்கதான் வந்ததுன்னு ஒத்துக்கிட்டாங்கல்ல அக்கா. போதும்."

போதாது. முப்பது சதவீதமாவது இருந்தால்தான் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை. இயலாமை ஒதுக்கீட்டில் மேசை வேலைக்கும் அவன் பெயர் போகும். அதுவரை கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டியைத்தான் ஓட்ட வேண்டும். வலி வந்தால் இடது கண்ணில் பாதி தெரியாது. அவனே சொன்னது.

மார்ச் 6

ஓட்டிவிட்டு வந்தான். ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 11

முன்னாள் வீரர் சங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். எல்லோரும் மீசை என்கிறார்கள். மீசையை எடுத்துப் பல வருஷமாகிறதாம். எங்கள் விண்ணப்பத்தின் பிரதியைப் பிரித்து ஏழாவது கேள்வியில் விரலை வைத்தார். மாதத்தில் எத்தனை முறை வலி உங்களைப் படுக்கையில் தள்ளுகிறது? விடை: படுத்ததே இல்லை.

"இத எழுதினது யாரு?"

"நான்தான். அவன் சொன்னத அப்படியே எழுதினேன்."

"அப்படியே எழுதினீங்களா! பத்திரிகைல இருந்தவங்கன்னு சரியாத்தான் சொன்னாங்க." நெற்றியில் அடித்துக்கொண்டார். "மேடம், வலி எவ்வளவுன்னு அவங்களால அளக்க முடியாது. ஆள எத்தனை தடவ சாய்க்குதுன்னு எண்ணுவாங்க. மாசம் ஒரு தடவன்னா முப்பது. வேலையே பாக்க முடியலன்னா ஐம்பது. சாய்க்கவே இல்லன்னா பூஜ்யம். பூஜ்யத்த நீங்களே போட்டுக் குடுத்துட்டீங்க."

தம்பிக்குக் கோபம். "பொய் சொல்லச் சொல்றீங்களா சார்? நான் படுத்ததில்ல."

"எனக்குத் தெரியாதாடா? நானும்தான் படுத்ததில்ல. பயிற்சில, பகல்ல முதுகு கட்டில்ல பட்டா நம்மள என்ன பண்ணினாங்க?"

"முழங்கால்ல மைதானம் சுத்த விட்டாங்க."

இருவரும் சிரித்தார்கள்.

படுக்காதவன் வலி வந்தால் வேறென்ன செய்கிறான்? அவன் ராணுவத்தை விட்டு வந்து பதினொரு வருஷம், ஒரே வீடு. நான் கேட்டதில்லை. ஊரிலுள்ளவர்களையெல்லாம் முப்பத்திரண்டு வருஷம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவள். தம்பி சொன்னதைச் சரிபார்க்காமல் போட்டுவிட்டேன்.

மார்ச் 13

குளியலறை. கதவுக்குப் பின்னால், ஓடு முடியும் இடத்துக்கு மேல், சுவரில் எண்ணெய்க் கறை. உள்ளங்கை அகலம். அளந்தேன்: தரையிலிருந்து ஐந்தடி நான்கு அங்குலம். அவன் நெற்றி உயரம்.

தலை துவட்டும்போது படுகிற அழுக்கு என்று நினைத்திருந்தேன். மாதம் ஒருமுறை சோப்புப் போட்டுத் தேய்த்து, நானேதான் அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 19

காலை 5.50க்கு உள்ளே போனான். தண்ணீர்ச் சத்தம் இல்லை. கதவிடுக்கில் பார்த்தேன் — பார்த்திருக்கக் கூடாது. விளக்குப் போடவில்லை. குதிகால்களைச் சேர்த்து, கைகளை உடம்போடு ஒட்டி, நெற்றியை மட்டும் சுவரில் ஊன்றி நின்றான். அணிவகுப்பில் நிற்பதுபோல. வாயோரம் எச்சில் வழிந்திருந்தது, துடைக்கவில்லை.

7.35க்கு வெளியே வந்தான். "பால் வந்தாச்சா அக்கா?" வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

போகாதேடா என்று ஒரு வார்த்தை — ஏன் வரலை என் வாயில?

ஏப்ரல் 30

இதுவரை ஒன்பது முறை. தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். என் அபிப்பிராயம் எதையும் சேர்க்கவில்லை. அளவு நாடாவோடு கறையின் புகைப்படம். மறுபரிசீலனை மனுவோடு வைக்க மீசை வாங்கிக்கொண்டு போனார்.

மே 8

வண்டியை இரும்பு அடுக்கில் மோதிவிட்டான். யாருக்கும் அடியில்லை. மேற்பார்வையாளர் போனில் தயங்கித் தயங்கிப் பேசினார்: "தங்கமான மனுஷன்மா. ஆனா இனிமே என்னால அவர் கையில சாவி குடுக்க முடியாது."

இரவு அவன் சாப்பிடவில்லை. நானும்.

ஜூன் 24

மறுபரிசீலனை. மடிப்புக் கலையாத சட்டை, முகம் தெரிகிற பளபளப்பில் காலணி. "டேய், பொண்ணு பாக்கவா வந்திருக்கே?" என்றார் மீசை. "அதிகாரிங்க முன்னாடி எப்படி சார் கசங்கின சட்டையில நிக்கிறது?"

மூன்று மருத்துவர்கள். நடுவில் இருந்த அம்மாள் என் குறிப்பைக் கையில் வைத்திருந்தார்.

"உக்காருங்க."

"பரவால்ல மேடம்."

"வலி வந்தா ஏன் படுக்க மாட்டேங்கறீங்க?"

தம்பி அவர் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "வெடிச்சப்போ மூணு பேர் விழுந்தோம் மேடம். நான் மட்டும்தான் எழுந்திரிச்சேன். படுத்தா... திரும்ப எழுந்திரிப்பேனான்னு தெரியல."

அன்று வீட்டில் மைதானம் என்றான், முழங்கால் என்றான். இதைச் சொல்லவில்லை. என் மடியில் நோட்டு திறந்திருந்தது. ஒன்றும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 20

ஐம்பது சதவீதம். "நின்ற நிலையில் இருந்தாலும் முற்றிலும் செயலிழந்த நிலையாகவே கருதப்படுகிறது." அடுத்த மாதம் முதல் சிகிச்சை.

இந்த முறை கடிதத்தைச் சட்டைப்பையில் வைக்கவில்லை. மேசையில் விட்டுவிட்டு எழுந்தான். இடது கண்ணைப் பொத்தியிருந்தான். குளியலறைக் கதவுவரை போனவன் நின்றான்.

"அக்கா, இனிமே படுத்துக்கலாமா?"

நாற்பத்தாறு வயது.

"படுடா."

செருப்புகளைக் கட்டிலுக்கடியில் ஒன்றையொன்று ஒட்டி வைத்தான். மல்லாந்து படுத்தான், குதிகால்களைச் சேர்த்து, கைகளை உடம்போடு ஒட்டி. திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

இனி குறிப்பை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை.

11.10. படுத்தான்.

4.25. எழுந்தான்.