எதிர்க்கடைக்காரர் தேடும் ஆள்

சின்னு,

சாம்பார் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்.

புள்ளியியலில் மேல்படிப்பு படித்தவளை எவன் வேலைக்குக் கூப்பிடுவான் என்று நேற்று கத்தினேனே, கூப்பிட்டுவிட்டார்கள். யார் தெரியுமா? நம் செருப்புக்கடைக்கு எதிர்க்கடை முதலாளி. “அண்ணே, எந்த மாசம் எந்த சைஸ் செருப்பு எவ்வளவு போகும்னு கணிச்சுச் சொல்ல ஆள் வேணும். உங்க பொண்ணை அனுப்புவீங்களா?” என்று கடைக்கே வந்து கேட்கிறார்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வருவார். காப்பி கொடு, வாக்குக் கொடுக்காதே. முதலில் சொல்லும் சம்பளத்துக்குச் சும்மா சிரி.

அப்பா

பி.கு. நம் கிடங்கில் விற்காமல் கிடக்கும் செருப்புகளை இப்போதுதான் எட்டிப் பார்த்தேன். நீ நம் கடைக்கே வாயேன். அவர் சொல்வதற்கு மேலேயே தருகிறேன். ஆனால் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டால் நீ என் மகளே இல்லை.