திரும்பி வரும் இடம்

சுகர் லேண்ட், டெக்ஸஸ்
செப்டம்பர் 8, 2024

அன்புள்ள ஷ்யாமளாவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். மான்மவுத் ஜங்ஷனில் நீயும், காலேஜ் ஹாஸ்டலில் விஷாகாவும் சௌக்கியம் என்று அவள் அனுப்பும் தம்ஸ் அப்பிலிருந்து ஊகித்துக்கொள்கிறேன். போனில் பேசினால் மனஸ்தாபத்தில்தான் முடிகிறது, அப்பாவும் அம்மாவும் இனி லெட்டர் எழுதிக்கொள்ளட்டும் என்று நம் பெண் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சரி, எழுதுகிறேன்.

அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. நவம்பரில் முதல் வோட்டு. டெக்ஸஸில் புதிதாக ரிஜிஸ்டர் பண்ண ஆன்லைன் வசதி கிடையாது. பேப்பரில் கையெழுத்துப் போட்டு அக்டோபர் 7க்குள் தபாலில் போட வேண்டும். வெளி மாநிலத்தில் படிக்கிறாள் என்பதால், பிறகு தபால் வோட்டுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பரில் நம் வீட்டு அட்ரஸ் போட்டு, நானே நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து இடத்தில் பென்சிலால் குறியும் போட்டாயிற்று. அவள் பேனாவை எடுத்தால் போதும்.

யார் யாருக்குப் போட வேண்டும் என்று உனக்கு எழுதித் தருவேனே, அந்த மாதிரி ஒரு சீட்டு அவளுக்கும் எழுதி அனுப்புகிறேன். வோட்டுக்கு நிற்கும் ஜட்ஜுகள் பெயரே பக்கம் பக்கமாக வரும். குழந்தைக்கு என்ன தெரியும்.

போன வருஷம் ஆறு மாச ப்ராஜெக்ட் என்று நீ போனாய். இந்த வருஷம் இவளும் உன் பின்னாலேயே அங்கே காலேஜுக்குப் போய்விட்டாள். ஆபீஸில் உன்னை எப்போது விடுவார்கள் என்று ஒரு வரி எழுது. விஷாகா ரூமுக்குக் காற்று வரும் ஏசி வெண்ட்டை நான் இன்னும் மூடவில்லை.

அன்புடன்,
வெங்கடகிருஷ்ணன்


மான்மவுத் ஜங்ஷன், நியூ ஜெர்ஸி
செப்டம்பர் 17, 2024

விஷாகா அப்பாவுக்கு நமஸ்காரம்.

கவர் வந்தது. உங்கள் கையெழுத்து இன்னும் அதே அச்சடித்த அழகு. ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது கொடுத்தேன்.

அவளோ இங்கேயே ரிஜிஸ்டர் பண்ணிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறாள். காலேஜில் மேஜை போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்களாம். படிக்கிற பிள்ளைகள் ஹாஸ்டல் அட்ரஸிலும் பதியலாம், பெற்றோர் வீட்டு அட்ரஸிலும் பதியலாம். ஏதாவது ஒரு இடத்தில்தான் வோட்டு. எது என்பது அவர்கள் இஷ்டம். இங்கே அக்டோபர் 15 வரை டைம் இருக்கிறது, ஆன்லைனிலேயே முடிந்துவிடும் என்கிறாள். நீங்களும் நானும் அவளுக்குப் பதிலாக முடிவு பண்ண வேண்டாமே. சீட்டும் வேண்டாம். அவளே படித்துப் பார்த்துப் போடட்டும்.

எனக்கு முழங்கால் வலி தேவலை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். ஃப்ரீவேயில் கார் ஓட்டும்போது போனைப் பார்க்காதீர்கள். ஆபீஸ் விஷயம் பிறகு எழுதுகிறேன்.

ஷ்யாமளா


சுகர் லேண்ட்
செப்டம்பர் 23, 2024

அன்புள்ள ஷ்யாமளாவுக்கு,

அவள் இஷ்டம் என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். எனக்குப் படித்ததும் மனசு சரியில்லை. ஆபீஸில் ஒரு மீட்டிங்கில் என்ன பேசினார்கள் என்றே தெரியவில்லை.

இந்த ஊர்ச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். வோட்டுக்கு வீடு என்றால் எது? தற்காலிகமாக வெளியே போனாலும் எந்த இடத்துக்குத் திரும்பி வர எண்ணமோ, அது. படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நாம் கிளம்பும்போது "போறேன்" என்றா சொல்கிறோம்? "போயிட்டு வரேன்" என்கிறோம். அதைத்தான் வக்கீல் பாஷையில் எழுதி வைத்திருக்கிறார்கள். போன வருஷம் ஏர்போர்ட்டில் நீ என்ன சொன்னாய்? "வரேன்" என்றாய். ஆகஸ்டில் அவள், அமெரிக்காவில் பிறந்த பெண், அவளும் தமிழில் "வரேன்ப்பா" என்றாள். அப்புறம் ஹாஸ்டல் எப்படி அவளுக்கு வீடாகும்?

உன் வோட்டும் இந்த அட்ரஸில்தான் இருக்கிறது. நீயும் தற்காலிகமாகத்தானே வெளியூரில் இருக்கிறாய்? உனக்கும் தபால் வோட்டு விண்ணப்பம் ஒன்று வைத்திருக்கிறேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இதைவிடப் பெரிதாக நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

வெங்கடகிருஷ்ணன்


மான்மவுத் ஜங்ஷன்
அக்டோபர் 2, 2024

அன்புள்ள வெங்கட்,

முதலில் நல்ல செய்தி. விஷாகா டெக்ஸஸ் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நேற்றே தபாலில் போட்டாயிற்று. உங்கள் லெட்டரை என்னைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்து முடித்ததும் பேனாவை எடுத்தாள். அப்புறம் "ஓகே, டெக்ஸஸ். அப்பா இஸ் ஆல் அலோன்மா" என்றாள்.

என் பேப்பர் இரண்டு நாளாக டைனிங் டேபிளிலேயே கிடந்தது. வெங்கட், என்னால் அதில் கையெழுத்துப் போட முடியவில்லை. போட்டால் பொய் ஆகிவிடும்.

ஏர்போர்ட்டில் "வரேன்" என்று சொன்னேன், நிஜம்தான். அது வாய்ப் பழக்கம். "போறேன்" என்று சொல்லக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள், நானும் சொல்லவில்லை. அந்த ப்ராஜெக்ட் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. இங்கேயே வேலை வேண்டும் என்று நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். போனில் சொல்ல எத்தனையோ தடவை ஆரம்பித்தேன். நீங்கள் ஏசி வெண்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.

நீங்கள் கெட்டவர் இல்லை. என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசினது கிடையாது. ஆனால் சிடிசன் ஆன நாளிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துத்தான் நான் மெஷினில் அமுக்கினேன். என் பெயரில் நீங்கள் ரெண்டாவது வோட்டுப் போட்டீர்கள். என்ன கார், எந்த டாக்டர், என் அம்மாவைப் பார்க்க எப்போது ஊருக்குப் போகலாம் என்று எல்லாமே அப்படித்தான் நடந்தது. எனக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பதே விட்டுப்போய்விட்டது. இந்தச் சின்ன அபார்ட்மென்ட்டில் ஒரு நாள் காய்கறிக் கடையில் நின்றுகொண்டு, எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்று கண்டுபிடித்தேன். சிரிக்காதீர்கள். வீட்டுக்கு வந்து அழுதேன்.

நான் இங்கேயே ரிஜிஸ்டர் பண்ணிவிட்டேன். இனி இதுதான் என் வீடு. என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. காத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று மட்டும் கேட்கிறேன்.

ஷ்யாமளா


சுகர் லேண்ட்
நவம்பர் 6, 2024

ஷ்யாமளா,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். பாதி லெட்டர் உன்னிடம் வாதாடியது, மீதி கெஞ்சியது. இரண்டும் அனுப்ப லாயக்கில்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாய். படிக்க ஆரம்பித்தபோது சந்தோஷமாக இருந்தது. முடித்தபோதுதான் ஏன் கூப்பிட்டாய் என்று புரிந்தது.

நேற்று வோட்டுப் போட்டேன். க்யூவில் எனக்கு முன்னால் நின்ற பெண்மணி "வேர் இஸ் யுவர் வொய்ஃப் திஸ் டைம்?" என்று கேட்டார். நம்மை ஒவ்வொரு தடவையும் பார்ப்பாராம். நியூ ஜெர்ஸியில் வோட்டுப் போடுகிறாள் என்றேன். நீ யாருக்குப் போட்டாய் என்று கேட்கவும் மாட்டேன். கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

விஷாகா போன வாரம் போன் பண்ணினாள். தபால் வோட்டை அனுப்பிவிட்டாளாம். "ஹேப்பியா அப்பா?" என்று கேட்டாள். "என் முதல் வோட்டு" என்று அவள் துள்ளியிருக்க வேண்டும். எனக்கு சந்தோஷமா என்று என்னைக் கேட்கிறாள். சந்தோஷம்தான் கண்ணா என்று சொல்லிவிட்டு, போனை வைத்தபிறகு வெகு நேரம் கிச்சனிலேயே நின்றேன். அவள் இங்கே வருவதற்காக டெக்ஸஸில் பதியவில்லை, ஷ்யாமளா. நான் தனியாக இருக்கிறேன் என்று பதிந்திருக்கிறாள். உன்னிடம் செய்ததையே அவளிடமும் செய்துவிட்டேன்.

அடுத்த வருஷம் உங்கள் நியூ ஜெர்ஸியில் கவர்னர் தேர்தல் வருகிறது. ஹாஸ்டல் அட்ரஸிலோ உன் அட்ரஸிலோ, எங்கே அவள் மனசு இருக்கிறதோ அங்கே மாற்றிக்கொள்ளட்டும். நானே சொல்லலாம் என்று பார்த்தேன். நான் சொன்னால் அதுவும் நான் சொன்னது என்று ஆகிவிடும். அவளாக எப்போதாவது கேட்டால், அப்பா ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார் என்று மட்டும் சொல். அப்புறம் இந்த வீட்டு அட்ரஸில் நான் ஒருத்தன்தான் வோட்டர். அது எனக்குப் பழகிவிடும்.

வெங்கட்