ஏழாம் இலக்கம்

உங்கள் கறுப்புக் கோட்டை இன்று காலை உதறினேன். பூச்சி உருண்டை வாசனையோடு ஒரு மாதிரி வாக்குச்சீட்டு விழுந்தது. கட்சிச் சின்னத்துக்கு எதிரே பெருக்கல் குறியாய் ஒரு புள்ளடி, கீழே ஏழாம் இலக்கத்தின் மேல் இன்னொன்று. இரண்டும் நான் போட்டவை.

நீங்கள் படித்த பாடசாலை நினைவு மலர் அச்சிடுகிறது. அதற்கு உங்கள் படம் தேடப்போய்த்தான் கோட்டு கையில் வந்தது. உங்களைப் பற்றிய பக்கத்தையும் பிழை திருத்த அனுப்பியிருந்தார்கள். “ஆசிரியர், தொழிற்சங்கவாதி, ஒரு தவணை பாராளுமன்ற உறுப்பினர். அடுத்த தேர்தலில் மக்கள் ஆதரவை இழந்து தோல்வியுற்றார்.” எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

உங்கள் முதல் தேர்தலுக்கு லிந்துலைத் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் வாசல் வாசலாக ஏறினேன். கட்சிக்கு ஒரு புள்ளடி, அதன் வேட்பாளர் பட்டியலில் உங்கள் இலக்கத்துக்கு ஒரு புள்ளடி. கன்னியாஸ்திரிகள் எனக்கு வாய்பாடு புகட்டியதுபோல அந்தப் பெண்களை ஒப்பிக்க வைத்தேன்.

“எத்தனை?”

“ஏழு, டீச்சரம்மா!”

“தூக்கத்துல எழுப்பிக் கேட்டா?”

“எங்க வீட்டுக்காரரு பேரு மறந்தாலும் ஏழு மறக்காதுங்க” என்றார் ராக்கம்மா. லயமே சிரித்தது.

வென்றீர்கள். கடிதங்கள் தோட்டத்து ஆபீசில் கிடக்காமல் வீடு வந்து சேர வேண்டும், ஒவ்வொரு லயத்துக்கும் முகவரி வேண்டும் என்று தவணை முழுவதும் பேசினீர்கள். கேட்டவர்கள் கேட்டதோடு சரி.

அடுத்த தேர்தலில் இலக்கங்களை மாற்றிக் கொடுத்தார்கள்; உங்கள் இலக்கம் பதினொன்று. ஏழு, நம் பட்டியலிலேயே வேறொருவருக்குப் போயிற்று.

“மதர் சுப்பீரியர், இன்னொரு தடவ லயத்துக்கு ஏறுங்க. நீங்க சொன்னாத்தான் மாத்துவாங்க” என்றீர்கள். கன்னியாஸ்திரிகளிடம் படித்ததால் எனக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயர் அது.

“எம்.பி. மனைவி வாசல் வாசலா நின்னு கேக்கிறதா? செவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கு. பாத்துக்கட்டும்.”

நீங்கள் மறுமுறை கேட்கவில்லை.

முடிவு வந்த மறுநாள் ராக்கம்மா அழுதுகொண்டு வந்தார். சின்ன விரலில் மை அழியவில்லை. “என்னமோ மோசம் பண்ணிட்டாங்க ஐயா. எங்க லயம் முழுக்க ஏழுக்குத்தாங்க போட்டோம்!” அந்நேரம் ஏழாம் இலக்கக்காரருக்கு ஹட்டன் நகரில் வெற்றி மாலை விழுந்துகொண்டிருந்தது. திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள்.

“சரியாத்தான் செஞ்சிருக்கீங்க ஆத்தா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

அதன்பின் நீங்கள் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. என்னிடமும் பேசவில்லை. ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். “கொழும்பக் கண்டதும் நம்மள மறந்துட்டாரு, அதான் தோத்தாரு” என்று ஊர் சொன்னதையும் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தீர்கள்.

இன்று அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: “மக்கள் அவரைக் கைவிடவில்லை. இலக்கம் மாறியதைச் சொல்லப் போகாதவள் அவருடைய மனைவி.” மலர் தொகுப்பவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

“டீச்சர், இது நினைவு மலருங்க. இதெல்லாம் போட முடியாதுங்க. வேணும்னா அந்த வரியையே எடுத்துடுறோம்.”

எடுத்துவிட்டார்கள். இனி அந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரு தவணையோடு நின்றுவிடுவீர்கள், காரணம் இல்லாமல். ராக்கம்மா இருந்தால் லயம் ஏறிச் சொல்லியிருப்பேன். அவரும் இல்லை.

சீட்டைக் கோட்டுப் பையிலேயே திரும்ப வைத்தேன். மாலையில் ஜெபமாலை எடுத்தால் ஏழாவது மணியில் விரல் நின்றுவிடுகிறது. “ஏழு, டீச்சரம்மா!” என்று ஒரு லயமே சொல்கிறது. அதற்கு மேல் எனக்கு ஜெபம் வருவதில்லை.