வார்ட்டில் இல்லாத வாப்பா

மச்சான்,

ஆலங்குடாப் பள்ளிவாசல் முற்றத்தில் இன்று இரத்தம் கொடுத்தேன். தாதி கையில் தடவிய ஸ்பிரிட்டின் வாசம் வீடு வரை கூடவே வந்தது. நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு உனக்கு எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்து எழும்பியிருக்கிறேன். இன்று அந்த வாசம் விடவில்லை.

யுத்தம் முடிந்து, உன்னைப் போல் இங்கே அகதியாய் வந்திருந்த மன்னார் ஆட்கள் ஊர் திரும்பத் தொடங்கிய நாட்கள். நீ போகவில்லை. உன் மகளுக்கு மாதாமாதம் புத்தளத்தில் இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. தலசீமியா, பிறவியிலேயே வரும் இரத்த நோய். அந்த ஆஸ்பத்திரி வார்ட்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியபோது, தாயின் இரத்தத்தால் வரும் நோய் என்று ஒரு வரி போட்டுவிட்டேன். உன் உடன்பிறந்த அக்காவான ராத்தா அதை வெட்டி அலுமாரியில் வைத்துக்கொண்டார். நம்மட குடும்பத்தில் இப்படி ஒன்றுமில்லை, உன் மனைவியை அவள் வாப்பா வீட்டுக்கு அனுப்பிவிடு என்று உன்னை நெருக்கினார்.

அந்தத் துண்டோடுதான் என்னிடம் வந்தாய். கோபப்படவில்லை. இதை யார் சொன்னது என்று மட்டும் கேட்டாய். வார்ட்டில் உம்மாமாரைத்தான் கண்டேன் என்றேன்.

"வாப்பாமார் கடலுக்கும் கடைக்கும் போயிருப்பாங்க மச்சான். பிள்ளைட உடம்புக்குள்ள அவங்க எந்நேரமும் இருக்காங்களே."

விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நீ. என் தொழிலை வைத்தே விளங்கப்படுத்தினாய். நான் குறிப்புப் புத்தகத்தை என்னிடமே வைத்துக்கொண்டு, செய்தியைத் தொலைபேசியில் கொழும்புக்கு வாசிப்பவன். உடம்பின் கலத்திலும் புரதம் செய்யும் கட்டளையின் மூலப்பிரதி, நடுவிலுள்ள கருவை விட்டு வராதாம். நகல்தான் வெளியே போகுமாம். அங்கே அது மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்படும். ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலம். அவை வரிசையாகக் கோக்கப்பட்டு வருவதுதான் புரதம். நிறுத்தச் சொல்வதற்கும் ஒரு மூன்றெழுத்து உண்டு. அது தவறுதலாக நடுவில் வந்தால் என்ன நடக்கும் என்று கேட்டாய். பாதிச் செய்திதான் அச்சாகும் என்றேன்.

"என்ட மகளுக்கு ஹீமோகுளோபின் அப்படித்தான் பாதியில நிக்குது."

அந்தக் கட்டளைக்கு எல்லோரிடமும் உம்மாவிடமிருந்து ஒன்று, வாப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளிக்கும். அதனால்தான் நீங்கள் இருவரும் சுகமாக இருந்தீர்கள். மகளுக்குக் கிடைத்த இரண்டுமே பழுது. அதில் ஒன்று உன்னுடையது. உன் இரத்தத்தைச் சோதித்து, அந்தக் கடதாசியையும் கொண்டுவந்திருந்தாய்.

திருத்தம் போடுகிறேன், உன் பெயர் மட்டும் வேண்டாம், ஊர் கதைக்கும் என்றேன்.

"போடு. என்ட பொஞ்சாதிட பேரை ஆறு மாசமாக் கதைக்கிறாங்கதானே."

நாலு வரிதான் வந்தது. நீ அதை ராத்தாவுக்கு வாசித்தபோது நானும் இருந்தேன். அவர் துண்டை வாங்கித் தானே ஒருமுறை வாசித்தார். பிறகு, அப்படியென்றால் உனக்கு அது நம்மட உம்மாவிடமிருந்தோ வாப்பாவிடமிருந்தோ வந்ததா என்று கேட்டார்.

"ஓம் ராத்தா. உங்களுக்கும் வந்திருக்கலாம். இப்ப ஆரை வீட்டை விட்டு அனுப்புற?"

உன் மனைவி குசினி வாசலில் கரண்டியோடு நின்றார். யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்கு ராத்தாவும் அவரோடு பஸ் ஏறினார்.

நீ போய், அவர் விதவையாய் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்களை முடித்த பிறகுதான் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் திறந்தது. என்னை அண்ணன் முறையில் நானா என்றழைக்கும் அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஆம்பிளைகளையும் தேடிக் கேட்டிருக்கலாம் நானா," என்று மட்டும் சொன்னார்.

அது என்னோடு இருக்கிறது. எந்த வீட்டுக்குச் செய்திக்குப் போனாலும், அந்நேரம் அங்கே இல்லாதவர் யார் என்று கேட்டுத் தேடிப் போகாமல் இப்போது முதல் வரி எழுதுவதில்லை.