ஆற்றுக்கு அடித்த மேளம்

பரங்கிப்பேட்டை
மாசி மாதம், 2012

அன்பு மகன் ஜெயசீலனுக்கு அப்பா பூவராகன் தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா தனமும் அக்கா பொன்னி வீட்டாரும் இருக்கிறோம், பெங்களூரில் நீயும் பாட்டுக் குழுவில் உன்னோடு வாசிக்கிற பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாரியம்மாள் துணை. கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்திருப்பாய், என்னுடையதுதான் தம்பி. ஐப்பசியிலிருந்து மாலைப் பள்ளிக்குப் போகிறேன், பவானி டீச்சர் நல்ல பொறுமைசாலி. வலை பின்னுகிற கைக்குப் பேனா வழுக்குகிறது, ஒரு வரி முடித்துவிட்டுக் கொஞ்சம் கடலைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்கு வருகிறேன், ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. போன வாரம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடை போர்டுகளை எல்லாம் படித்துக்கொண்டு நின்றதில் வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன், உன் அம்மா வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள்.

நீ அனுப்பிய புது சிடி வந்தது. அதனால் நடந்ததை நீ கேட்க வேண்டும். முன்பு அனுப்பியதன் அட்டையில் மண்டை ஓடும் பேயும் மோட்டார் பைக்குமாக இருந்தது, பாட்டில் ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் திருவிழாவில் நம் குப்பத்துப் பிள்ளைகள் சட்டையைக் கழற்றிச் சுழற்றி ஆடினார்கள். இதுவும் அப்படித்தான் என்று உன் அம்மா வெள்ளிக்கிழமை விடியலில் கோயில் மைக் செட் பழனிவேலிடம் கொடுத்து, எம்புள்ள பாட்டு, மொதல்ல இதப் போடு என்று சொல்லிவிட்டாள். நீ ஆரம்பத்திலேயே சாவு மேளத்தை வைத்திருப்பது அவளுக்கு எப்படித் தெரியும். ஊரில் சாவு விழுந்தால் யாரும் தொழிலுக்குப் போகக்கூடாதே, போட்டைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே கையை எடுத்துவிட்டார்கள், முகத்துவாரம் தாண்டியவர்களையும் போன் போட்டுத் திருப்பிவிட்டார்கள். உன் அம்மா விடியலில் மைக் செட்டுக்குப் போனதைப் பார்த்த பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டு நம் வீட்டுக்கே ஓடி வந்தார்கள், நான் பல் விளக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒருத்தி, அய்ய மாமா, நீ இன்னும் இருக்கியா என்று ஏமாந்தவள் மாதிரி கேட்டாள். அதற்குள் மைக்கில் மேளம் முடிந்து உன் கத்தல் வந்துவிட்டது. ஊர்த் தலைவர் நாட்டார் கலியமூர்த்தி கோயில் முன்னால் வந்து நின்று, செத்தது யாருன்னு சொல்லுங்கடா என்று கேட்டார். மீன்காரி ரத்தினம்மாள் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, ஆறுதான் நாட்டாரே, அது செத்து எம்மாம் வருஷமாச்சு, மேளம் இன்னிக்குத்தான் வந்திருக்கு என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மேளம் பொய் என்று தெரிந்தும் அன்றைக்கு ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை.

சிடிக்குள் இருந்த காகிதத்தில் உன் பாட்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன். காதால் கேட்டால் வயிற்றுவலிக்காரன் அலறுவது போல இருக்கிறது, கண்ணால் படித்தால் அத்தனையும் நம் ஊர். கம்பெனிக் குழாய் ஆற்றில் விடுகிற கழிவுத் தண்ணீர், வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்த மடவை மீன், பொன்னியின் பெரிய பெண்ணுக்கு ஆறாத சொறி. நானே படித்தேன் என்று குதித்தேன், படித்தது இது என்று உட்கார்ந்துவிட்டேன். பாட்டு போன் போனாகப் போய்க் கம்பெனிக்கும் எட்டிவிட்டது. அங்கே வேலை பார்க்கிற அக்கா வீட்டுக்காரர் விஜயகுமாரைச் சூப்பர்வைசர் கூப்பிட்டு, அடுத்து வர்ற சிதம்பரம் காலேஜ் விழாவுல உம்மச்சான் இதப் பாடினா நீ கம்பெனி கேட்டுக்கு வெளியதான் என்று சொல்லியிருக்கிறார். ஆற்றில் மீன் இல்லாமல் போனதிலிருந்து பாதி வீட்டு ஆண்கள் அந்த கேட்டில்தான் கான்ட்ராக்ட் வேலைக்கு நிற்கிறார்கள், அதனால் ஊர்ப் பஞ்சாயத்து கூடி, நீ அங்கே பாடினால் பிறகு குப்பத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். நான் எழுந்து, எம்புள்ள பொய்யா பாடினான் என்று கேட்டேன். நாட்டார், பொய்யின்னு யாரு சொன்னா மாமா, நெசங்கறதாலதான வேணாங்கறோம் என்றார். அவரும் கெட்டவர் இல்லை, அவர் மகனும் அந்த கேட்டில்தான் நிற்கிறான்.

பாடாதே என்று எழுதச் சொல்லித்தான் உன் அம்மா என்னை உட்கார வைத்தாள். மேலே எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்திருக்கிற வரி அதுதான். விஜயகுமாரிடம் கேட்டேன், பாடட்டும் மாமா, பாடாட்டியும் அடுத்த கான்ட்ராக்ட்ல என்னய எடுக்கப் போறதில்ல என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நீ பாடினாலும் கம்பெனி போகாது, பாடாவிட்டாலும் மீன் வராது, மார்கழியில் வந்த தானே புயலில் போன கூரையே இன்னும் போட்டபாடில்லை. அதனால் பாடு. வீட்டுக்கு மட்டும் வராதே. நீ ஊருக்குள் வரக்கூடாது என்றுதான் சொன்னார்கள், நான் சிதம்பரம் போகக்கூடாது என்று சொல்லவில்லை. பஸ் போர்டையும் உன் பேர் போட்ட போஸ்டரையும் நானே படித்துக்கொண்டு வந்து சேருவேன். கருவாடு கொண்டுவருகிறேன், கத்துகிற நாளில் வெந்நீர் குடி. ஒன்று மறந்துவிடாதே, கடைசி வரியில் ஆறு ஒரு நாள் எழுந்து வரும் என்று எழுதியிருக்கிறாய், அதை எடுத்துவிடு. மேளம் அடித்த பிறகு எழுந்த பிணம் இல்லை. பாட்டு முடிந்ததும் என்னைத் தேடாதே தம்பி, சாவுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் நமக்குக் கிடையாது.

தீர்க்காயுசாக இரு.

கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும்,
உன் அப்பா
பூவராகன்