கோமதிநாயகம் கடையின் வெள்ளைச் சுவர்

12 ஆகஸ்ட் 1979, ஞாயிறு

படுத்தும் உறக்கம் வரவில்லை.

நம் ஊர்க் கடைகளை உள்ளது உள்ளபடி படம் எடுப்பதென்று முடிவு செய்தவன் நான். அனுமதியின்றி எவரையும் படம் எடுக்கலாகாது என்பதும் என் கொள்கை. ஆகவே நேற்றே கோமதிநாயகத்திடம் முறைப்படி கேட்டுக்கொண்டேன். எனக்கு வேண்டியதெல்லாம் அவர் கடையில் புகையேறிக் கறுத்த சுவரும், அதன்மேல் ஓட்டு இடுக்கு வழியே விழும் காலை வெயிலும்தான்.

இன்று போனால் சுவர் பளீரென்று வெள்ளையாக இருந்தது. இடுக்கையும் அடைத்துவிட்டார். வழக்கமாக வரும் வண்டிக்காரர்களைக் காணோம். பெஞ்சுகளில் பட்டுச்சேலையும் பூவுமாகப் பெண்கள், வெற்று இலைகளின் முன் மூச்சடக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு இவங்க?" என்றேன்.

"புளியங்குடி சொந்தக்காரங்க அண்ணாச்சி. படத்துக்குன்னே வரச் சொன்னேன்."

"வண்டிக்காரங்க?"

"அழுக்கு வேட்டியோட வந்தானுவ. மத்தியானமா வாங்கன்னு வெரட்டிட்டேன்."

இலையில் ஏதாவது பரிமாறுங்கள், இயல்பாகச் சாப்பிடட்டும் என்றேன்.

"இன்னைக்கு ஏது சாப்பாடு? சுவத்துல புகை பிடிச்சிரும்னு அடுப்பே பத்த வைக்கலையே."

அத்தனை முகங்களையும் ஏமாற்ற மனமில்லாமல் ஒரு படம் எடுத்தேன். திரும்பும்போது எதிர்ச் சலூன்காரர் வழிமறித்தார்.

"அடுத்த ஞாயிறு நம்ம கடைதான அண்ணாச்சி? நானும் பெயிண்டருக்குச் சொல்லிட்டேன்."

சலூன் சுவரில் எண்ணெய்த் தலைகள் சாய்ந்து சாய்ந்து ஏறிய கறை வரிசையாக உண்டு. அதற்காகவே அவரிடமும் நேற்று அனுமதி கேட்டிருந்தேன். எந்தப் பெயிண்டர் என்று கேட்காமல் வந்துவிட்டேன். விடியுமுன் சலூனுக்கே போனால் தடுத்துவிடலாம்.