என் கையெழுத்தில் போன மேய்ச்சல் நிலம்

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையிலிருந்து ஒரே காற்று. தென்னை மட்டை விழுந்து தண்ணீர்த் தொட்டி மூடி உடைந்தது. மோட்டார் ரிப்பேருக்கு ஆள் வரவில்லை. பாக்கி வேலை: 15ஆம் தேதி கிராம சபை நோட்டீஸ், கொடிக் கயிறு, மிட்டாய், தெற்குத் தெரு விளக்கு.

பதினொரு மணிக்கு மாராத்தாள் ஓடி வந்தாள். அவளுக்குப் பிழைப்பே ஆடுகள்தான். "அம்மணி, நம்ம மேய்ச்ச நெலத்துல யாரோ கல்லு நடறாங்க."

போய்ப் பார்த்தால் ஜீப், மூன்று பேர். மத்திய அரசின் சரக்குக் கிடங்குக்கு அளக்கிறார்களாம். ஜனவரி 26 கிராம சபையில் வேண்டாம் என்று தீர்மானம் போட்ட அதே கிடங்கு. சொன்னேன்.

"பஞ்சாயத்து சம்மதம் வந்துதானுங்க எங்களை அனுப்பியிருக்காங்க. தலைவர் கையெழுத்தே இருக்குதுங்க."

தலைவர் நான்தான். சொன்னவருக்கு அது தெரியவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

சனி, ஞாயிறு எதுவும் ஓடவில்லை. இன்று கோவை, நில எடுப்பு அலுவலகம். தீர்மானப் புத்தகத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கிணத்துக்கடவில் பஸ் ஏறினேன். உக்கடத்தில் நெரிசல். அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் காத்திருப்பு.

அதிகாரி சின்னப் பெண். என் மகள் வயதுதான். மரியாதையாகப் பேசினாள். நான் புத்தகத்தைத் திறந்து காட்டினேன்: ஊர் முழுக்கக் கையெழுத்து, பாதி கைநாட்டு. அவள் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். எங்கள் ஊராட்சியின் பெயர். 'ஆட்சேபணை இல்லை.' கீழே என் பெயர், பச்சை டிக். ஜூன் மாதம் போட்டது.

"இது நான் போட்டதில்லீங்க."

"உங்க டிஜிட்டல் கையெழுத்து மேடம். டெல்லியில இதைத்தான் எடுத்துக்குவாங்க. புத்தகத்தை ஏத்தறதுக்கு இதுல இடமே இல்லீங்க."

"அப்ப ஊரே கூடிச் சொன்னது?"

தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கணக்குப் புரிந்தது. அந்தக் கையெழுத்துச் சாவி, பென் டிரைவ் மாதிரி இருக்கும், நான் பதவிக்கு வந்ததிலிருந்து ஊராட்சிச் செயலர் கதிர்வேலிடம். பாஸ்வேர்டும் அவனிடமே. கம்ப்யூட்டர் எனக்கு வராது என்று நானே கொடுத்து வைத்தது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

தூறல். அலுவலகத்தில் க.வே. மட்டும்.

"கதிர்வேலு, ஜூன்ல என் கையெழுத்தை நீ போட்டியா?"

மறுக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். "மேலிருந்து போன் மேல போனுங்க்கா. டெல்லியில கெடு வெச்சுட்டாங்க, இன்னைக்கே ஏத்தோணும், இல்லீன்னா உன்னை எங்கியாச்சும் மாத்திப்போடுவோம்னாங்க. ஊட்டுல அம்மா படுத்த படுக்கை. போட்டுட்டேனுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா நீங்க வேண்டாம்பீங்க."

அதற்குத்தானே என்னைத் தலைவராக வைத்திருக்கிறார்கள்.

மகள் கல்யாணத்தில் இரண்டு நாள் தூங்காமல் பந்தி பார்த்தவன். ஜூனில்கூட எத்தனை நாள் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதில் எந்த நாள் என் கையெழுத்தைப் போட்டான்?

சாவியை வாங்கிக்கொண்டேன். அழுதான். எனக்கு அழுகை வரவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

புகார் மனு எழுதினேன். வீட்டுக்காரர் படித்துவிட்டு, "சரசு, அவன் வேலையே போயிரும், நல்லா யோசிச்சுக்க" என்றார். யோசித்தேன். ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: 'சாவியை அவரிடம் கொடுத்து வைத்தது என் தவறு.'

ஒன்றிய அலுவலகத்தில் அதிகாரி மனுவை முழுசாகக்கூடப் படிக்கவில்லை. "வருசக் கடைசியோட உங்க காலமே முடியுதுங்களேம்மா. அப்புறம் தனி அலுவலர்தான் பார்ப்பாரு. எதுக்கு வம்பு?"

ரசீது தரும்வரை நின்றேன். தந்தார்.

மோட்டார் இன்னும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

நல்ல வெயில். எட்டரைக்குக் கொடி ஏற்றினேன். பிள்ளைகளுக்கு மிட்டாய்.

பத்து மணிக்குக் கிராம சபை. என்னென்ன பேச வேண்டும் என்று மேலிருந்து டைப் அடித்தே வந்திருந்தது: மழைநீர், தூய்மை, டெங்கு. மேய்ச்சல் நிலம் அதில் இல்லை. அதைக் கீழே வைத்துவிட்டு நடந்ததெல்லாம் சொன்னேன். என் பெயரில் சம்மதம் போயிருப்பதை, போட்டது யார், சாவியைக் கொடுத்தது யார், எல்லாம்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "எல்லாம் பேசி வெச்சதுதானுங்க."

மாராத்தாள் எழுந்தாள். "ஜனவரி மாசம் விரல்ல மை தொட்டப்ப உங்ககிட்டத்தான் கேட்டேனுங்க. இதை யாரும் மாத்திப்போட மாட்டாங்களான்னு. நானிருக்கறேன்னு சொன்னீங்க."

ஆமாம், சொன்னேன்.

புதுத் தீர்மானம்: அந்தச் சம்மதம் பொய், செல்லாது, நிலத்தைத் தர மாட்டோம். எழுதியது க.வே.தான். தீர்மானத்தின் நடை வேறு யாருக்கும் தெரியாது. தலை நிமிரவில்லை, ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். பேசி வெச்சது என்றவரும் போட்டார். கடைசியாக மாராத்தாளிடம் நானே மை டப்பாவை எடுத்துப் போனேன்.

அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எதுக்குங்க அம்மணி" என்றாள்.